சித்தப்பாவின் இரண்டு வலது கைகள்: கலவை ஃபிரேம் என்றால் என்ன, அதை மீட்க முடியுமா?

தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும்போது வழிநெடுகத் தேங்காய் உடைப்பார்கள். 1993இல் என் சித்தப்பா அந்தக் கூட்டத்தில் நின்று தேங்காய் உடைத்ததை மாமா தன் கேமராவில் பிடித்து வைத்திருந்தார். பல வருடம் கழித்து அந்த விஎச்எஸ் நாடாவை ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றினோம். சித்தப்பா இப்போது இல்லை. போன தீபாவளிக்கு எல்லாரும் சேர்ந்து அதைப் பார்த்தோம். அவர் கையை ஓங்கிய இடத்தில் படத்தை நிறுத்தியதும் பேத்தி கேட்டாள்: "தாத்தாவுக்கு ஏன் ரெண்டு வலது கை இருக்கு?"

சரியான கேள்வி. ஓங்கிய கை ஒன்று, அதற்குச் சற்றுக் கீழே இறங்கிய கை இன்னொன்று. இரண்டும் பாதி கரைந்த மாதிரி இருந்தன. பின்னால் நின்றவரின் கட்டம் போட்ட சட்டை அவற்றின் ஊடே தெரிந்தது. நாடா பழசாகிவிட்டது, அதனால்தான் இப்படி என்றார் மாமா. நாடா பழசானால் கோடு விழும், நிறம் மங்கும், படம் நடுங்கும். கை இரண்டாகாது. டிவிடியாக மாற்றியவர் படத்தைத் தட்டைத் திரைக்கு ஏற்றபடி மாற்றிய, அதாவது டீஇன்டர்லேஸ் செய்த, விதத்தில் வந்த கோளாறு இது. இப்படி இரண்டு கணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்துபோன படத்தைக் கலவை ஃபிரேம் என்று சொல்லலாம். நம் வீடுகளில் கிடக்கும் கல்யாண, காவடி, பிறந்தநாள் டிவிடிகளில் இது நிறையவே உண்டு. சிலவற்றை மீட்கலாம், சிலவற்றை முடியாது. எது எந்த வகை என்று கண்டுபிடிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அரைப்படம்

மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28இல். பின்னர் வண்ணம் வந்தபோது நாம் எடுத்துக்கொண்டது பிஏஎல் முறை. அதில் ஒரு முழுப்படத்துக்கு 625 வரிகள். அவற்றில் கண்ணுக்குத் தெரியும் படம் 576 வரிகள். வினாடிக்கு 25 முழுப்படங்கள், அதாவது ஃபிரேம்கள். ஆனால் பழைய குழாய்த் தொலைக்காட்சியில் வினாடிக்கு 25 தடவை மட்டும் திரையை வரைந்தால் கண் கூசும்படி மினுக்கும். 50 முழுப்படங்களை அனுப்பலாம் என்றால் அலைவரிசையில் அதற்கு இடம் போதாது. அதனால் பொறியாளர்கள் ஒரு வழி கண்டார்கள். முதலில் ஒற்றைப்படை வரிகளை மட்டும் அனுப்புவது, அப்புறம் இரட்டைப்படை வரிகளை அனுப்புவது. 288 வரி, 288 வரி என்று வினாடிக்கு 50 தடவை. ஒவ்வொரு தடவையும் போவதை ஃபீல்டு என்பார்கள். நான் அரைப்படம் என்றே சொல்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வரும். இரண்டு அரைப்படங்களும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. கேமரா முதல் அரைப்படத்தை எடுத்து, ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கழித்துத்தான் அடுத்ததை எடுக்கிறது. அதற்குள் உலகம் நகர்ந்துவிடும். 720 புள்ளி அகலமுள்ள படத்தை ஒருவர் ஒரே வினாடியில் குறுக்காகக் கடக்கிறார் என்றால், ஓர் அரைப்படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அவர் சுமார் 14 புள்ளி தள்ளிப் போயிருப்பார். தேங்காய் ஓங்கிய கை அதைவிட வேகம்.

குழாய்த் தொலைக்காட்சியில் இது பிரச்சினையே இல்லை. அரைப்படங்கள் வந்த வரிசையில் அது வரைந்துவிடும், கண் சேர்த்துக்கொள்ளும். கணினித் திரையும் இன்றைய தட்டைத் திரையும் எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் காட்டுகின்றன. இரண்டு அரைப்படங்களையும் அப்படியே கோத்து வைத்தால், அசையாத இடங்கள் நன்றாக இருக்கும். அசையும் இடங்களின் ஓரம் சீப்புப் பல் மாதிரி பிரிந்து நிற்கும். அந்தப் பல்லைப் போக்கும் வேலைக்குத்தான் டீஇன்டர்லேஸ் என்று பெயர்.

அதைச் செய்யப் பல வழி உண்டு. ஓர் அரைப்படத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்றதை நீட்டலாம். கூர்மை குறையும், அசைவும் பாதியாகும், ஆனால் கை ஒன்றாகவே இருக்கும். ஒவ்வோர் அரைப்படத்தையும் ஒரு முழுப்படமாக வளர்த்து, வினாடிக்கு 50 படம் ஆக்கலாம். இதைப் பாப் முறை என்பார்கள், நல்ல வழி இதுதான். மூன்றாவது, இரண்டு அரைப்படங்களையும் சராசரி எடுத்து ஒன்றாக்குவது. சீப்புப் பல் போய்விடும். கோப்பும் சின்னதாகும். வேலையும் சீக்கிரம் முடியும். கடையில் இருந்தவர் இதைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. பல் இல்லாத படம் முதல் பார்வைக்குச் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பல் இருந்த இடத்தில் இப்போது நிழல் இருக்கிறது. டீஇன்டர்லேஸே செய்யாமல், சீப்புப் பல்லோடு இருக்கும் படத்தை அப்படியே உயரம் குறைத்தாலும் இதே கதிதான், ஏனென்றால் அளவைக் குறைக்கும்போது பக்கத்து வரிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

கழித்தல் கணக்கு

வேட்டியின் வெண்மைக்கு 200 என்று ஒரு எண் வைப்போம், தார் ரோட்டின் கருமைக்கு 40. முதல் அரைப்படத்தில் ஒரு புள்ளி வேட்டி மேல் விழுகிறது. அடுத்ததில் வேட்டி நகர்ந்துவிட்டது, அதே புள்ளியில் ரோடு. சராசரி 120. அதுதான் நாம் பார்க்கும் சாம்பல் நிழல்.

இப்போது என்னிடம் 120 மட்டும் இருக்கிறது, அது எதிலிருந்து வந்தது என்று கேட்டால் என்ன சொல்வேன்? 200, 40 ஆக இருக்கலாம். 150, 90 ஆக இருக்கலாம். இரண்டுமே 120ஆக, அதாவது அசையாத சாம்பல் சுவராகவும் இருக்கலாம். கூட்டுத்தொகை தப்பித்தது, வித்தியாசம் அழிந்தது. அசைவு என்பதே அந்த வித்தியாசம்தான்.

ஆனால் கலந்த இரண்டில் ஒன்று எனக்குத் தனியாகத் தெரியும் என்று வையுங்கள். பக்கத்து ஃபிரேம் சுத்தமாக இருக்கிறது, அதில் அந்தப் புள்ளி 200. அப்போது 120ஐ இரட்டித்து 240, அதில் 200 போனால் 40. ரோடு திரும்பக் கிடைத்துவிட்டது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்போம். இந்த அன்னத்துக்கு ஒரு நிபந்தனை: கலந்தவற்றில் ஒன்று கலப்பில்லாமல் வேறெங்காவது இருக்க வேண்டும், எந்த விகிதத்தில் கலந்தது என்றும் தெரிய வேண்டும்.

விலையும் உண்டு. டிவிடியில் படம் சுருக்கித்தான் வைக்கப்பட்டிருக்கும், அதனால் 120 என்பது நிஜத்தில் 118ஆகவோ 123ஆகவோ இருக்கும். இரட்டிக்கும்போது அந்தப் பிழையும் இரட்டிக்கிறது. கலவையில் நமக்கு வேண்டிய படம் ஐந்தில் ஒரு பங்குதான் இருந்தது என்றால் பிழை ஐந்து மடங்கு. இப்படி மீட்ட படத்தை வைத்து அடுத்த கலவையைப் பிரித்து, அதை வைத்து இன்னொன்றைப் பிரித்து என்று சங்கிலியாகப் போனால், சீக்கிரமே திரை முழுக்கப் புள்ளிப் புள்ளியாக ஆகிவிடும். காகிதத்தில் அழகாக இருக்கும் இந்தக் கழித்தலை நான் மிக அரிதாகத்தான் பயன்படுத்துகிறேன்.

சித்தப்பாவின் டிவிடிக்கு இதுவும் உதவவில்லை. அதில் முதல் ஃபிரேமில் 1, 2ஆம் அரைப்படங்கள் கலந்திருக்கின்றன. இரண்டாவதில் 3, 4. மூன்றாவதில் 5, 6. எந்த அரைப்படமும் இரண்டு ஃபிரேமில் வரவில்லை, எதுவும் தனியாகவும் இல்லை. 50 கணங்கள் இருந்த இடத்தில் 25 கலவைகள். மறுபக்கம் பிடித்துக்கொள்ள ஒன்றுமே கிடையாது.

மீட்கக்கூடிய கலவை

இன்னொரு வகை இருக்கிறது, அதில் நம்பிக்கை உண்டு. என் அக்கா மகன் சின்ன வயதில் பார்த்த ஜப்பானியக் கார்ட்டூன் டிவிடி ஒன்றைத் தன் பிள்ளைக்குக் காட்ட ஆசைப்பட்டு என்னிடம் கொண்டுவந்தான். ஓடும்போது கோடுகள் இரட்டையாகத் தெரிகின்றன என்றான். கார்ட்டூனில் இதைப் பார்ப்பது சுலபம், கறுப்புக் கோடு ஒன்று சாம்பல் கோடு இரண்டாக மாறியிருக்கும்.

இதன் கதை வேறு. கார்ட்டூன் திரைப்படம் போல வினாடிக்கு 24 படம். ஜப்பானில் தொலைக்காட்சி என்டிஎஸ்சி முறை, வினாடிக்குக் கிட்டத்தட்ட 60 அரைப்படம். 24ஐ 60க்குள் அடைக்க, ஒரு படத்தை மூன்று அரைப்படமாகவும் அடுத்ததை இரண்டாகவும் மாற்றி மாற்றி வைப்பார்கள். நான்கு படங்களை அ, ஆ, இ, ஈ என்று வைத்தால், அரைப்படங்கள் இப்படி வரும்: அ அ அ, ஆ ஆ, இ இ இ, ஈ ஈ. இதுவரை கலப்படம் இல்லை. அப்புறம் யாரோ அதைப் பிஏஎல் நாடுகளில் விற்பதற்காக 60ஐ 50 ஆக்கியிருக்கிறார்கள். ஆறு அரைப்படம் இருந்த நேரத்தில் ஐந்துதான் இருக்க வேண்டும். புதிய அரைப்படம் ஒன்று பழைய இரண்டுக்கு நடுவில் விழும்போது இரண்டையும் விகிதப்படி கலந்துவிட்டார்கள்.

உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் வரிசை இப்படி அமைகிறது: அ. மறுபடியும் அ. பிறகு அவும் ஆவும் கலந்தது. அப்புறம் சுத்தமான ஆ. ஆவும் இயும் கலந்தது. சுத்தமான இ. இயும் ஈயும் கலந்தது. சுத்தமான ஈ. அதன்பின் ஈயும் அடுத்த படமும் கலந்தது. நன்றாகக் கவனியுங்கள்: ஒவ்வொரு படமும் ஏதோ ஓரிடத்தில் தனியாக, முழுசாக நிற்கிறது! ஒரே படம் இரண்டு மூன்று அரைப்படங்களாக நீட்டி வைக்கப்பட்டிருந்ததால் வந்த பாக்கியம் இது. கழித்தல் கணக்கே வேண்டாம். சுத்தமானவற்றைப் பொறுக்கி எடுத்து, கலவைகளைக் கீழே போட்டால் பழைய 24 திரும்பிவிடும்.

நிஜ எண்கள் 60, 24 என்று முழுசாக இல்லை, 59.94, 23.976. அதனால் மேலே சொன்ன வரிசை மெல்ல மெல்ல நழுவிக்கொண்டே போகும். மூன்றாவதைப் போடு, ஐந்தாவதைப் போடு என்று ஒரே விதியை வைத்துப் படம் முழுக்க ஓட்ட முடியாது. நழுவும்போது சில இடங்களில் இரண்டு அரைப்படம் மட்டும் உள்ள ஒரு படம் முழுச் சுத்தமாகக் கிடைக்காமலும் போகலாம். ஆனால் எந்தப் படத்துக்கு எவ்வளவு பக்கமோ அந்த அளவுக்கே அதைச் சேர்த்த கலவையாக இருந்தால், அப்போதும் குறைந்தது பத்தில் ஒன்பது பங்கு அந்தப் படமே இருக்கும் ஒன்று அகப்படும். அந்தப் பத்தில் ஒரு பங்கு நிழலை ஓடும் படத்தில் கண் பிடிப்பது கஷ்டம்.

இதே மாற்றத்தைக் கேமராவில் எடுத்த படத்துக்குச் செய்திருந்தால், உதாரணத்துக்கு அமெரிக்காவில் இருக்கும் உறவினர் அனுப்பிய கல்யாண நாடாவை இங்கே பிஏஎல் ஆக்கியிருந்தால், இந்த அதிர்ஷ்டம் கிடையாது. கேமரா எடுத்த 60 அரைப்படமும் 60 வெவ்வேறு கணங்கள். ஐந்தில் ஒன்றுதான் சுத்தமாகத் தப்பும். அதை வைத்து வினாடிக்குப் பத்துப் படம் ஓட்டினால் பார்க்கச் சகிக்காது.

முதலில் நோயைப் பாருங்கள்

எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன் படத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். விஎல்சி என்ற வீடியோ பிளேயரில் ஆங்கில ஈ (E) எழுத்து விசையை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு ஃபிரேம் நகரும். அதற்கும் முன் இன்னொன்று: விஎல்சியிலேயே டீஇன்டர்லேஸ் வசதி இருக்கிறது, அதற்குள் கலக்கும் முறையும் ஒரு தேர்வாக இருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். கோப்பு நன்றாக இருந்து, பிளேயர் கலக்கிக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, படமே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அணைத்ததும் சீப்புப் பல் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். அரைப்படங்கள் இன்னும் பிரிந்தே இருக்கின்றன என்று அர்த்தம்.

குறுக்காக எதுவாவது வேகமாக நகரும் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கேமராவைத் திருப்பும்போது கடந்துபோகும் விளக்குக் கம்பம் மிக நல்லது, நேர்க்கோடு என்பதால் ஒன்றா இரண்டா என்று சந்தேகமில்லாமல் தெரியும். ஒரு தாளில் சுத்தம் என்றால் ஒரு வட்டம், கலவை என்றால் ஒரு பெருக்கல் குறி என்று முப்பது நாற்பது ஃபிரேமுக்குப் போட்டுக்கொண்டே வாருங்கள். எல்லாமே பெருக்கல் குறி என்றால் சித்தப்பா டிவிடி வகை. வட்டமும் பெருக்கலும் ஒழுங்காக மாறி மாறி வந்தால் கார்ட்டூன் வகை, மீட்கலாம். சீப்புப் பல்லும் நிழலும் சேர்ந்து தெரிகிறது என்றால், அது பெரும்பாலும் இன்னும் பிரிக்கப்படாத அரைப்படங்களுக்குள் கலவை இருக்கிறது என்பதன் அடையாளம். முதலில் பாப் முறையில் 50 ஆக்கிவிட்டு அப்புறம் எண்ணுங்கள்.

நிழல் எல்லாமே கலவை நிழல் இல்லை. ஆண்டெனா வைத்துப் பதிவு செய்த பழைய நாடாக்களில், செய்தி வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதும் அவருக்கு வலப்பக்கம் மங்கலாக இன்னோர் ஆள் தெரிவார். அலை எதிலோ பட்டுத் திரும்பித் தாமதமாக வந்ததால் வருவது அது. அசையாத பொருளுக்கும் நிழல் இருந்தால் இந்தக் கட்டுரையின் மருந்து அதற்கு இல்லை. அதுபோல, இருட்டில் எடுத்த படத்தில் கை இழுபட்டு ஒரே தீற்றலாகத் தெரிவது கேமராவின் இயல்பு. கலவையில் ஓரங்கள் இரண்டு தனித்தனியாக எண்ணும்படி இருக்கும்.

கருவிகள்

சுத்தமானவற்றைப் பொறுக்கும் வேலைக்கு நான் பயன்படுத்துவது ஏவிசிந்த் என்ற மென்பொருள். இலவசம், ஆனால் பொத்தான் எதுவும் இருக்காது, வரி வரியாக எழுதித்தான் வேலை வாங்க வேண்டும். முதலில் படத்தை 50 ஃபிரேமாக வளர்க்க வேண்டும். யாடிஃப் வடிப்பானின் இரட்டை வேக முறை போதும். கியூடிஜிஎம்சி இதைவிட மிக அழகாகச் செய்யும். ஆனால் அது முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பார்த்து மெழுகும் வேலையும் சேர்த்துச் செய்வதால், எது கலவை என்று கண்டுபிடிப்பதற்கு முன் அதைக் கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம். அப்புறம் எஸ்ரெஸ்டோர் என்ற வடிப்பான். பக்கத்துப் படங்களோடு ஒப்பிட்டு, எது அவற்றின் கலவை மாதிரி தெரிகிறதோ அதைத் தள்ளிவிட்டு, நாம் கேட்ட எண்ணிக்கைக்குச் சுத்தமானவற்றைக் கொடுக்கும். கார்ட்டூனுக்கு 23.976 கேட்டேன். இந்த வகை மாற்றத்தில் படம் ஓடும் மொத்த நேரம் மாறியிருக்காது என்பதால், ஒலியை எதுவும் செய்யாமல் அப்படியே சேர்த்தாலே உதட்டசைவோடு பொருந்திவிடும்.

எஸ்ரெஸ்டோர் ஏமாறும் இடங்கள் உண்டு. ஒரு காட்சி கரைந்து அடுத்த காட்சி வரும் இடத்தில் எல்லாமே கலவைதான், அது இயக்குநரே செய்த கலவை. மின்னல், கேமரா பளிச், மிக மெதுவான அசைவு இவற்றிலும் தடுமாறும். ஓட்டி முடித்ததும் இந்த இடங்களை மட்டுமாவது கண்ணால் பாருங்கள்.

அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒரு ஃபிரேம் மட்டும் கலந்திருந்தால், எடிட்டிங்கில் 30 ஃபிரேம் கைப்பேசிக் காட்சியை 25க்குள் போட்டபோது அப்படி நேர்ந்திருக்கலாம். மூலக் கோப்பு இருந்தால் மறுபடி எடிட் செய்வதே சுலபம். இல்லையென்றால் கலவையை எடுத்துவிட்டு, இருபுறமும் உள்ள சுத்தமான படங்களிலிருந்து அசைவைக் கணக்கிட்டு நடுப்படத்தை வரையச் சொல்லலாம். எம்விடூல்ஸ் பழைய வழி, ரைஃப் என்ற நரம்புவலைப்பின்னல் புதிய வழி.

எல்லா ஃபிரேமும் கலந்த படத்தையும் செயற்கை நுண்ணறிவால் பிரிக்கலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். கை ஒன்றாகிவிடும், உண்மைதான். 120ஐப் பார்த்து 200, 40 என்று அது ஊகிக்கும். முகம் அசைந்த இடத்தில் மூக்கையும் கண்ணையும் ஊகித்து வரையும். ஒரு விளம்பரப் படத்துக்குச் செய்யட்டும். சித்தப்பாவின் முகத்தில் அவருடையதல்லாத ஒரு கோடு விழுவதை நான் விரும்பவில்லை.

நாடா

அதனால் டிவிடியை மூடிவிட்டு நாடாவைத் தேடினோம். பட்டர்வொர்த்தில் மாமி வீட்டு அலமாரியில், மூடி இறுகிய ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் நான்கு நாடாக்கள் இருந்தன. நம் ஊர் ஈரத்தில் நாடாவுக்கு எமன் பூஞ்சைதான். ஜன்னல் வழியே சுருளின் ஓரத்தைப் பார்த்தால் வெள்ளைப் பொடி மாதிரி படிந்திருக்கும். அப்படிப்பட்டதை ஓட்டினால் இயந்திரத்தின் தலை அழுக்காகும், அடுத்துப் போடும் நாடாவுக்கும் பரவும். நான்கில் ஒன்றில் அது இருந்தது, அதைத் தனியாக எடுத்து வைத்தேன். 1993 என்று பேனாவால் எழுதிய நாடா சுத்தமாக இருந்தது.

இந்த முறை எதையும் கலக்கவில்லை. எஸ்-வீடியோ கம்பி வழியாக அரைப்படங்களை அப்படியே, சீப்புப் பல்லோடு, தரம் இழக்காத ஹஃப்ஒய்யுவி கோப்பாகப் பிடித்தேன். அந்தக் கோப்பை இரண்டு வட்டுகளில் வைத்துவிட்டு, அதன் நகல் ஒன்றைக் கியூடிஜிஎம்சிக்குக் கொடுத்து வினாடிக்கு 50 ஃபிரேம் ஆக்கினேன். ஒன்றரை மணி நேர நாடாவுக்கு என் கணினி இரவு முழுக்க ஓடியது.

காலையில் தேங்காய் உடைக்கும் இடத்துக்குப் போய் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். கை தலைக்கு மேல் இருப்பதிலிருந்து தேங்காய் தரையைத் தொடுவது வரை பதிநான்கு ஃபிரேம். ஒன்பதாவதில் தேங்காய் விரல்களை விட்டுப் பிரிகிறது. பதினைந்தாவதில் நீர் சிதறி அவர் வேட்டி நுனியில் படுகிறது. பதினாறாவதில் அவர் கண்ணை மூடிக்கொள்கிறார், டிவிடியில் அது இருந்ததே எங்களுக்குத் தெரியாது. பேத்திக்கு அந்தப் பதினாறையும் வரிசையாக அனுப்பி வைத்தேன். எல்லாவற்றிலும் வலது கை ஒன்றுதானா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பதில் போட்டாள்.